பால்பவுடர் டின்னும் புறக்கணிப்பும்: பொருளை வாங்காமல் விட்டால் நிறுவனம் மாறுமா?

2023 அக்டோபரில் காசா போர் தொடங்கியதிலிருந்து, 'இந்த நிறுவனங்களின் பொருள்களை வாங்காதீர்கள்' என்ற பட்டியல்கள் செல்பேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. சில பட்டியல்களில் பத்துப் பெயர்கள், சிலவற்றில் நூற்றுக்கும் மேல். எந்த நிறுவனம் எதற்காக அதில் இருக்கிறது, என்ன செய்தால் அதன் பெயர் நீக்கப்படும் என்பதற்குப் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. பட்டியலைப் பார்ப்பவருக்கு இரண்டு சந்தேகங்கள் வருவது இயல்பு. நான் ஒருவர் வாங்காமல் விட்டால், உலகம் முழுக்க விற்கிற நிறுவனத்துக்கு என்ன ஆகிவிடும்? ஏதாவது ஆகும் என்றால், எந்த வழியாக ஆகிறது?

இதற்குப் பதில் தேட, நன்றாகப் பதிவாகியிருக்கும் ஒரு புறக்கணிப்பை எடுத்துக்கொள்வது நல்லது. 1977-ல் சுவிட்சர்லாந்தின் நெஸ்லே நிறுவனத்துக்கு எதிராகத் தொடங்கியது அது. குழந்தைகளுக்கான பால்பவுடரை ஏழை நாடுகளில் விற்ற விதம்தான் காரணம். அந்த வரலாற்றைப் படித்தால் தெளிவாகத் தெரிவது இது: புறக்கணிப்பு நிறுவனத்தின் கல்லாவைக் காலி செய்து ஜெயிப்பதில்லை. எழுதிவைத்த ஒரு விதியை அது உண்டாக்க வேண்டும். அந்த விதியைக் கண்காணிக்க, கூட்டம் கலைந்த பிறகும் ஆட்கள் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அது ஜெயிக்கிறது.

எத்தனை வகைப் புறக்கணிப்பு?

ஒரே பெயரில் அழைத்தாலும் இவை வேறு வேறு.

1. பொருள் யாருடையது என்பதற்காகப் புறக்கணிப்பது. சுதேசி இயக்கம் இந்த வகை. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, வெள்ளைக்காரக் கம்பெனி தன் நடத்தையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதன் இடத்தில் நம் கப்பல் ஓட வேண்டும் என்பதே நோக்கம்.

2. நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்காகப் புறக்கணிப்பது. நடத்தை மாறினால் புறக்கணிப்பும் முடிய வேண்டும். நெஸ்லே விவகாரம் இந்த வகை.

3. நிறுவனம் யாருடன் தொழில் செய்கிறது என்பதற்காகப் புறக்கணிப்பது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் வங்கி நடத்தியதற்காக பிரிட்டிஷ் மாணவர்கள் பார்க்லேஸ் வங்கியைப் பல ஆண்டுகள் புறக்கணித்தார்கள். 1986-ல் அந்த வங்கி தன் தென்னாப்பிரிக்கப் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது.

இரண்டாவது, மூன்றாவது வகைகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. 'இதைச் செய்தால் நிறுத்துகிறோம்' என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இன்று சுற்றும் பல பட்டியல்கள் மூன்று வகைகளையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

புட்டிப்பாலில் என்ன தவறு நடந்தது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பால்பவுடர் விஷம் அல்ல. தாயை இழந்த குழந்தைக்கும், மருத்துவக் காரணத்தால் தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கும் அது உயிர் காக்கும் பொருள். புட்டிப்பால் கொடுக்கும் எந்தத் தாயையும் குற்றம் சொல்ல இந்தக் கட்டுரையில் இடமில்லை. குற்றச்சாட்டு, விற்ற விதத்தின் மீது. அது எப்படி உயிரிழப்பு வரை போனது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. இலவச டின். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா முழுவதும் பல நிறுவனங்கள் பிரசவ வார்டுகளுக்கு இலவசமாகப் பால்பவுடர் கொடுத்தன. வெள்ளை யூனிஃபார்ம் போட்ட பெண்கள் வார்டுக்கு வந்து தாய்மாரிடம் பேசினார்கள். அவர்களைப் 'பால் நர்ஸ்' என்றே அழைத்தார்கள். சிலர் உண்மையிலேயே நர்ஸ் படிப்புப் படித்தவர்கள், சிலர் இல்லை. யாராக இருந்தாலும் சம்பளம் கொடுத்தது பால்பவுடர் கம்பெனி. ஆஸ்பத்திரியே சிபாரிசு செய்கிறது என்றுதான் தாய் நினைத்திருப்பார்.

2. வற்றும் பால். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். முதல் சில நாள்கள் புட்டி கொடுத்தால் மார்பில் பால் குறையும். இலவச டின் தீரும்போது திரும்பிப் போக வழியிருக்காது. அப்புறம் காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டும்.

3. தண்ணீர். பவுடரைக் கரைக்கக் கொதித்து ஆறிய சுத்தமான நீர் வேண்டும். புட்டியையும் ரப்பரையும் ஒவ்வொரு முறையும் கொதிக்கவைக்க விறகோ மண்ணெண்ணெயோ வேண்டும். குடிசையில் இருக்கும் ஒரு தாய்க்கு ஒரு நாளைக்கு ஆறேழு முறை இது முடியாத காரியம். லேபிளில் செய்முறை அச்சிட்டிருந்தாலும், பலருக்கு அந்த மொழி தெரியாது. அல்லது எந்த மொழியிலும் படிக்கத் தெரியாது.

4. விலை. தினக்கூலிக் குடும்பத்தின் வருமானத்தில் பெரும்பகுதியை டின் தின்றுவிடும். நான்கு நாளில் தீர வேண்டிய பவுடரைப் பத்து நாளுக்கு நீட்டினார்கள். பார்க்க வெள்ளையாக இருந்தாலும் அதில் சத்து இருக்காது.

5. இழந்த பாதுகாப்பு. சீம்பாலிலும் தாய்ப்பாலிலும் இருக்கும் நோய் எதிர்ப்புப் பொருள்கள் பவுடரில் இல்லை. அழுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கிருமியை எதிர்க்கும் ஆயுதமும் இல்லாமல் போகிறது.

இந்த ஐந்தும் சேரும்போது வயிற்றுப்போக்கு, மெலிவு, மறுபடி வயிற்றுப்போக்கு என்று சுழன்று குழந்தை இறக்கும். இறப்புக் காரணத்தில் 'வயிற்றுப்போக்கு' என்று எழுதுவார்கள். விளம்பரம் என்று யாரும் எழுத மாட்டார்கள். அதனால்தான் இந்தக் குற்றச்சாட்டை நிரூபிப்பது இவ்வளவு கடினமாக இருந்தது.

மருத்துவர்களுக்கு இது முன்பே தெரியும். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில், இன்றைய கானாவில், 'குவாஷியோர்கர்' என்ற ஊட்டக்குறைவு நோயை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியவர். பிறகு மலாயாவுக்கு வேலைக்கு வந்தார். அங்கே இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைக்கு ஏற்றது என்று விற்பதைப் பார்த்தார். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்'. தவறான பிரசாரத்தால் நேரும் குழந்தைச் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்று அதில் வெளிப்படையாகச் சொன்னார். உலகம் அதைக் கவனிக்க இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் போன உயிர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

மருத்துவரின் எச்சரிக்கை தெருவுக்கு வந்த கதை

1973 ஆகஸ்டில் பிரிட்டனின் 'நியூ இன்டர்நேஷனலிஸ்ட்' இதழ், ஏழை நாடுகளில் பணியாற்றிய இரண்டு குழந்தை மருத்துவர்களின் பேட்டியை வெளியிட்டது. 1974 மார்ச்சில் லண்டனைச் சேர்ந்த 'வார் ஆன் வான்ட்' என்ற தொண்டு அமைப்பு, பத்திரிகையாளர் மைக் முல்லர் எழுதிய சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தது. 'குழந்தைக் கொலையாளி' என்று அதற்குத் தலைப்பு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருந்த ஒரு சிறு குழு அதை ஜெர்மனில் வெளியிட்டபோது தலைப்பை மாற்றியது: 'நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது'.

நெஸ்லே அந்தக் குழுவின் மீது அவதூறு வழக்குப் போட்டது. வழக்கு இரண்டு ஆண்டுகள் நடந்தது. உலகம் முழுவதிலிருந்தும் மருத்துவர்கள் சாட்சியம் தந்தார்கள். பத்திரிகைகள் தொடர்ந்து எழுதின. நான்கு குற்றச்சாட்டுகளோடு தொடங்கிய நிறுவனம், முடிவில் மூன்றைத் தானே திரும்பப் பெற்றது. மிஞ்சியது தலைப்பு மட்டும். 1976 ஜூனில் தீர்ப்பு வந்தது. நிறுவனம் வேண்டுமென்றே கொல்கிறது என்று பொருள்படும் அந்தத் தலைப்பு அவதூறுதான் என்று நீதிபதி சொன்னார். குழுவைச் சேர்ந்த பதின்மூன்று பேருக்குத் தலா 300 சுவிஸ் பிராங்க் அபராதம் விதித்தார். அதோடு நிற்காமல், நெஸ்லே தன் விளம்பர முறையை அடிப்படையிலிருந்து மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் சொன்னார். சட்டப்படி நிறுவனம் ஜெயித்தது. ஆனால், வழக்கு போடாமல் இருந்திருந்தால் அந்தச் சிறு வெளியீட்டை சுவிட்சர்லாந்துக்கு வெளியே எத்தனை பேர் அறிந்திருப்பார்கள் என்ற கேள்வி இன்றும் நிற்கிறது.

பால்பவுடர் விற்றது நெஸ்லே மட்டும் அல்ல. அமெரிக்க நிறுவனங்களும் விற்றன. அப்படியிருக்க நெஸ்லே மட்டும் ஏன் குறியானது? இங்கேதான் புறக்கணிப்பு என்ற கருவியின் இயல்பு தெரிகிறது.

அமெரிக்கத் தேவாலய அமைப்புகளும் கன்னியாஸ்திரி மடங்களும் தங்கள் சேமிப்பை நிறுவனப் பங்குகளில் போட்டிருந்தன. பங்குதாரர் என்ற முறையில் பிரிஸ்டல் மையர்ஸ் போன்ற அமெரிக்க நிறுவனத்தின் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம், வழக்கும் போடலாம். அப்படி ஒரு வழக்கு 1976-ல் போடப்பட்டு 1978-ல் சமரசத்தில் முடிந்தது. சுவிஸ் நிறுவனமான நெஸ்லேயிடம் அந்த வழி செல்லாது. அதே நேரம், ஏழை நாடுகளில் மிகப் பெரிய விற்பனையாளர் நெஸ்லேதான். மிச்சமிருந்த ஒரே வழி, அமெரிக்கக் கடைகளில் இருக்கும் அதன் காபியையும் சாக்லேட்டையும் வாங்காமல் விடுவது.

1977 ஜூலை 4 அன்று மினியாபொலிஸ் நகரில் 'இன்ஃபாக்ட்' என்ற கூட்டமைப்பு புறக்கணிப்பை அறிவித்தது. அப்போது நெஸ்லே அமெரிக்காவில் குழந்தைப் பால்பவுடர் விற்கவே இல்லை. எந்தப் பொருளால் தீங்கு நேர்ந்ததோ, அந்தப் பொருளைப் புறக்கணிப்பில் சேர்ந்தவர்கள் நெஸ்லேயிடம் வாங்கியதே இல்லை. யாரோ முகம் தெரியாத ஒரு தாய்க்காக, தங்களுக்குப் பிடித்த காபியை விட்டார்கள். தேவாலயங்களும் பல்கலைக்கழக விடுதிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்துகொண்டன.

1978 மே மாதம் செனட்டர் எட்வர்ட் கென்னடி தலைமையில் விசாரணை நடந்தது. நெஸ்லேயின் பிரேசில் பிரிவுத் தலைவர் ஓஸ்வால்டோ பல்லாரின், இந்தப் புறக்கணிப்பு சுதந்திர உலகின் பொருளாதார அமைப்பின் மீதான மறைமுகத் தாக்குதல் என்று சாட்சியம் சொன்னார். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் இந்தப் பொருள் பயன்படும்போது உங்கள் பொறுப்பு எதுவரை என்ற கேள்விக்கு அது பதில் அல்ல என்பதை அமெரிக்கா முழுவதும் பார்த்தது.

1981: கோபம் விதியாகிறது

1979 அக்டோபரில் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஒரு கூட்டம் நடத்தின. நிறுவனங்களும் அவற்றை எதிர்த்தவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்தது அங்கேதான். கூட்டம் முடிந்ததும் ஆறு அமைப்புகள் சேர்ந்து 'இப்ஃபான்' என்ற பன்னாட்டு வலையமைப்பை உருவாக்கின. குழந்தை உணவு விற்பனையைக் கண்காணிப்பது அதன் வேலை.

1981 மே 21 அன்று, உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விற்பது பற்றிய பன்னாட்டு விதித்தொகுப்பை ஏற்றது. ஆதரவு 118 நாடுகள். எதிர்ப்பு ஒன்றே ஒன்று: அமெரிக்கா. மூன்று நாடுகள் வாக்களிக்கவில்லை. தங்கள் அரசின் நிலைப்பாட்டைப் பொறுக்க முடியாமல் அமெரிக்க வெளிநாட்டு உதவி முகமையின் மூத்த அதிகாரிகள் இருவர் பதவியை விட்டு விலகினார்கள்.

விதித்தொகுப்பு விற்பனையைத் தடை செய்யவில்லை. விற்கும் முறையைத்தான் கட்டுப்படுத்தியது:

1. பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது.
2. தாய்மாருக்கு இலவச சாம்பிள் கூடாது. நிறுவன ஊழியர்கள் விற்பனைக்காகத் தாய்மாரைச் சந்திக்கவும் கூடாது.
3. மருத்துவப் பணியாளருக்கு விற்பனை நோக்கத்தோடு பணமோ பரிசோ தரக் கூடாது.
4. லேபிளில் குழந்தைப் படமோ, புட்டிப்பாலை உயர்வாகக் காட்டும் வேறு படமோ கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்றும், தவறாகக் கரைத்தால் ஆபத்து என்றும் அச்சிட வேண்டும்.
5. இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தை உணவாகப் பரிந்துரைக்கக் கூடாது.

ஐந்தாவதைப் பாருங்கள். சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் பேசியது, நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து விதியாக அமர்ந்திருக்கிறது.

இந்த நாள் முதல் சண்டையின் தன்மையே மாறிவிட்டது. முன்பு 'நீ கொலைகாரன்', 'இல்லை' என்ற வாதம். இப்போது 'இந்தப் பிரிவை, இந்தத் தேதியில், இந்த ஆஸ்பத்திரியில் மீறினாய்' என்று சுட்ட முடிந்தது. 1982-ல் நெஸ்லே முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் எட்மண்ட் மஸ்கி தலைமையில் ஒரு தணிக்கைக் குழுவை அமைத்தது. 1984 ஜனவரியில், மருத்துவமனைக்கு இலவச டின், மருத்துவருக்குப் பரிசு, லேபிள் எச்சரிக்கை, தாய்மாருக்கான பிரசுரங்கள் ஆகிய நான்கு விஷயங்களில் உடன்பாடு வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் புறக்கணிப்பு முடிந்தது.

நான்கே ஆண்டுகளில் மறுபடி தொடங்கியது. ஆஸ்பத்திரிகளுக்கு இலவச டின்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன என்று இப்ஃபான் கண்காணிப்பாளர்கள் பதிவு செய்தார்கள். 1988-ல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது புறக்கணிப்பை பிரிட்டனில் 'பேபி மில்க் ஆக்‌ஷன்' அமைப்பு நீண்ட காலம் முன்னெடுத்தது. கண்காணிப்பாளர்கள் இல்லாமல் இருந்திருந்தால் 1984 உடன்பாடு வெறும் காகிதமாக நின்றிருக்கும்.

நிறுவனத்துக்கு அடி எங்கே விழுந்தது?

விற்பனையில் பெரிதாக இல்லை. முதல் புறக்கணிப்பு முடிந்த அதே 1984-ல்தான், நெஸ்லே அமெரிக்காவின் கார்னேஷன் நிறுவனத்தை 300 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. திவாலாகும் நிறுவனம் செய்யும் வேலை அல்ல அது.

இது நெஸ்லேக்கு மட்டும் உரிய விதிவிலக்கு இல்லை. புறக்கணிப்புகளை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் பிரெய்டன் கிங், நிறுவனம் இறங்கி வருவதை முடிவு செய்வது ஊடகக் கவனமும் நற்பெயருக்கு வரும் சேதமும்தான் என்கிறார். வாடிக்கையாளர்களில் பலர் வாயால் ஆதரித்தாலும் வாங்கும் பழக்கத்தை விட மாட்டார்கள். ஆனால் நிறுவனத்தின் பெயர் நாள்தோறும் கெட்ட செய்தியில் அடிபட்டால் வேறு விஷயங்கள் நகர ஆரம்பிக்கும். முதலீட்டாளர் கேள்வி கேட்பார். நல்ல படிப்பு படித்தவர் அங்கே வேலைக்குச் சேரத் தயங்குவார். இருக்கும் ஊழியருக்குச் சொந்த வீட்டிலேயே பதில் சொல்ல வேண்டி வரும். சட்டம் இயற்றுபவருக்குத் தைரியம் வரும். கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிது.

'நான் ஒருவன் வாங்காமல் விட்டால் என்ன ஆகும்' என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. நீங்கள் மிச்சம் பிடிக்கும் ஐம்பது ரூபாய் நிறுவனத்தை அசைக்காது. அதை ஏன் விட்டீர்கள் என்று பொதுவெளியில், பெயரோடும் காரணத்தோடும் சொல்வதுதான் அசைக்கும். சத்தமில்லாமல் வேறு சோப்புக்கு மாறியவரை நிறுவனத்தின் கணக்கு 'ரசனை மாற்றம்' என்றே எடுத்துக்கொள்ளும்.

இந்தியாவில் அது சட்டமான விதம்

பன்னாட்டு விதித்தொகுப்பு பரிந்துரைதான். யாரையும் சிறைக்கு அனுப்பாது. ஒவ்வொரு நாடும் அதைச் சட்டமாக்கினால்தான் பல் முளைக்கும். இந்தியா 1983-ல் ஒரு தேசிய விதித்தொகுப்பை வெளியிட்டது. 1992-ல் நாடாளுமன்றம் குழந்தைப் பால் மாற்றுப்பொருள்கள், புட்டிகள், குழந்தை உணவுகள் சட்டத்தை நிறைவேற்றியது. 1993 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2003-ல் திருத்தம் செய்து, இரண்டு வயது வரைக்குமான குழந்தை உணவுகளின் விளம்பரத்தையும் தடுத்தார்கள். மின்னணு வழியாகச் செய்யும் விளம்பரத்தையும் உள்ளே கொண்டுவந்தார்கள். மீறினால் மூன்று ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். மருத்துவர்களின் சங்கங்களுக்கு இந்த நிறுவனங்கள் கருத்தரங்கு, மாநாடு ஆகியவற்றுக்குப் பண உதவி செய்வதையும் இந்தச் சட்டம் தடுக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, சட்டம் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்று. நெஸ்லேக்கு என்ன விதியோ அதுவே அமுல் நிறுவனத்துக்கும். பெயர் சொல்லிப் புறக்கணித்தால் அடி ஒருவர் மீது விழும், காலியான இடத்தில் அதே வேலையைப் போட்டியாளர் செய்வார். சட்டம் அந்த ஓட்டையை அடைக்கிறது. இந்தியத் தொலைக்காட்சியில் குழந்தைப் பால்பவுடர் விளம்பரத்தை நாம் பார்ப்பதில்லை என்றால் அதற்குக் காரணம் இந்தச் சட்டம்.

பலன் தெரிந்ததா? பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர், தேசிய குடும்பநல ஆய்வின்படி 2005-06-ல் சுமார் 46 விழுக்காடு. 2019-21-ல் சுமார் 64 விழுக்காடு. ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியதும், கிராம சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனதும் இதில் பெரும் பங்கு வகித்தன. சட்டத்தின் பங்கை மட்டும் தனியே பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் எதிர்த்திசையில் இழுக்கும் விளம்பரம் இல்லாமல் போனது சிறிய உதவி அல்ல.

சட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே நிறுவனமும் நின்றுவிடும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பும் இப்ஃபானும் ஓர் ஆய்வை வெளியிட்டன. நெஸ்லே இந்தியாவில் விற்கும் செரலாக் என்ற குழந்தை உணவு வகைகளில் ஒரு வேளைக்குச் சராசரியாக ஏறக்குறைய மூன்று கிராம் அளவுக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருந்தது. சுவிட்சர்லாந்தில் நெஸ்லே விற்கும் இதே போன்ற முதன்மைக் குழந்தை உணவுகளில் அது இல்லை. ஐந்து ஆண்டுகளில் சர்க்கரையை 30 விழுக்காடு வரை குறைத்திருக்கிறோம், உள்ளூர் விதிகளைப் பின்பற்றுகிறோம் என்றது நிறுவனம். அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் சிக்கலே அதில்தான் இருக்கிறது. வரம்புக்குள் சர்க்கரை சேர்க்க இந்திய விதி இடம் கொடுத்தது. ஒரே நிறுவனம், இரண்டு நாட்டுக் குழந்தைகள், இரண்டு அளவுகோல். இதை ஏற்க எந்த நியாயமும் இல்லை என்பது என் கருத்து. எழுதித் தடுக்காததை வணிகம் தொடரும் என்பதும் இதிலிருந்து புரிகிறது. சர்ச்சைக்குப் பிறகு, சர்க்கரை சேர்க்காத வகைகளை நிறுவனம் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

கோக், பெப்சி: தமிழ்நாடு 2017

இதோடு நம் ஊரில் நடந்ததை ஒப்பிடலாம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் உச்சத்தில் கோக், பெப்சியைப் புறக்கணிக்கும் குரல் எழுந்தது. மார்ச் 1 முதல் விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டின் பெரிய வணிகர் அமைப்புகள் அறிவித்தன. பொவண்டோ போன்ற உள்ளூர் பானங்களுக்குத் திடீர்க் கிராக்கி வந்தது. கடைக்காரரே விற்பனையை நிறுத்த முன்வந்தது மிகப் பெரிய விஷயம். வாடிக்கையாளர் மட்டும் மறுப்பதைவிட அதன் வீச்சு அதிகம்.

ஆனால் கோரிக்கை என்ன? தாமிரபரணித் தண்ணீரை கங்கைகொண்டான் ஆலைகளுக்கு எடுப்பதை நிறுத்துவதா? உடலுக்குக் கெடுதல் என்பதா? அந்நியக் கம்பெனி என்பதா? மூன்றும் சேர்ந்தே ஒலித்தன. தண்ணீர் விஷயத்தில் மட்டும் தெளிவான, அளக்கக்கூடிய கோரிக்கை இருந்தது. அது நீதிமன்றத்துக்கும் போயிருந்தது. அந்த மனுக்களை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017 மார்ச்சில் தள்ளுபடி செய்தபோது, அதற்கு மேல் எந்த விதியை மாற்றக் கேட்பது என்று சொல்ல இயக்கத்திடம் ஒரு பக்க வரைவுகூட இல்லை. மெல்ல மெல்லப் பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. உணர்வில் குறை இல்லை. தொழிற்சாலைகள் ஆற்று நீரை எடுக்க என்ன விலை, என்ன வரம்பு என்று ஒரு சட்டம் கேட்டிருந்தால் அந்தச் சக்தி தங்கியிருக்கும்.

தொழிலாளி வேண்டாம் என்று சொன்னால்?

புறக்கணிப்பே தவறான மருந்தாகும் சூழலும் உண்டு. ஆயத்த ஆடைத் தொழிலில் இது அடிக்கடி வரும். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வங்கதேச ஆடைகளை வாங்க வேண்டாம் என்ற குரல் மேலைநாடுகளில் எழுந்தது. ஆர்டர் போனால் வேலை போகும் என்பது வங்கதேசத் தொழிற்சங்கங்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்டது வேறு: வாங்கும் பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம். சில வாரங்களிலேயே அது கையெழுத்தானது. பின்னர் இருநூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன.

திண்டுக்கல்லில் நடந்தது இதைவிட நமக்கு நெருக்கம். 2021 ஜனவரியில் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர், மேற்பார்வையாளர் ஒருவரால் கொலை செய்யப்பட்டார். ஆலையில் பாலியல் தொல்லை பற்றிய புகார்கள் வெளியே வந்தன. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், 'இந்த ஆலையின் துணியை வாங்காதே' என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுடனும், எச் அண்ட் எம் உள்ளிட்ட பிராண்டுகளுடனும் பேசி 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. அதன்படி ஆலையின் ஒவ்வொரு பகுதியிலும் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்கள். ஆலை மீறினால் பிராண்டு வணிக அளவில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். ஆர்டர் போய்விடும் என்ற அச்சம் ஆலைக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கயிறு தொழிலாளியின் கையில் இருக்கிறது. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகத் தொழிற்சங்கங்கள் இன்று எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

பட்டியல் ஒன்று கைக்கு வந்தால்

பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை.

1. குற்றச்சாட்டு இந்த நிறுவனத்தின் எந்தச் செயலைப் பற்றியது? ஆதாரம் யார் தொகுத்தது?
2. பாதிக்கப்பட்டவர்கள் புறக்கணிப்பைக் கேட்கிறார்களா, வேறு எதையாவது கேட்கிறார்களா?
3. நிறுவனம் என்ன செய்தால் புறக்கணிப்பு முடியும்?
4. முடிந்த பிறகு கண்காணிக்கப் போவது யார்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத பட்டியலைப் பகிர்வதற்கு முன் தயங்கலாம். தவறில்லை.

பால்பவுடர் சண்டை இப்போது செல்பேசித் திரைக்கு வந்திருக்கிறது. கர்ப்பகாலச் செயலிகள், தாய்மார் குழுக்கள், குழந்தை வளர்ப்பு வீடியோக்கள் வழியாக, விளம்பரம் என்று தெரியாத விளம்பரம் போகிறது. 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் எட்டு நாடுகளில் ஆய்வு நடத்தி இதை வெளிப்படுத்தின. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, இணையவழி விற்பனை உத்திகளைக் கட்டுப்படுத்தத் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியச் சட்டம் மின்னணு விளம்பரத்தை ஏற்கெனவே தடுத்திருப்பதால், இங்கே தேவைப்படுவது புதிய சட்டத்தைவிடப் புகார்கள்தான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் பால்பவுடருக்கோ புட்டிக்கோ தள்ளுபடி, பரிசு, இலவசம், விளம்பரம் எதைப் பார்த்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியும் இணைப்பும் குறித்து, மாவட்ட சுகாதார அதிகாரிக்கு அனுப்பலாம். இந்தச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க அரசு அங்கீகரித்த தன்னார்வ அமைப்புகளும் உண்டு. தாய்ப்பால் ஊக்குவிப்புக்கான இந்திய வலையமைப்பு அவற்றில் ஒன்று. கடையில் டின்னைக் கையில் எடுத்தால், மேலே குழந்தையின் படமோ தாயின் படமோ இருக்கக் கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் கண்ணில் படும் அளவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த டின்னின் படமே புகாருக்குப் போதுமான ஆதாரம்.